நூறு பேரில் ஒருவன்

பத்துக்குப் பத்து அறையிலிருந்து எட்டு கிலோமீட்டர் தீவுக்கு ஒரு பாய்ச்சல். மும்பைத் தமிழ் இளைஞர்களின் கைப்பேசி யுத்தத்தில் குதூகலம் பாதி, குமுறல் பாதி.

இரவு பதினோரு மணிக்கு மேல் தாராவி 90 அடி சாலையில் கடை ஷட்டர்கள் ஒவ்வொன்றாக இறங்குகின்றன. அதற்குப் பிறகு படிக்கட்டுகளில் இன்னொரு கூட்டம் சேருகிறது. சுவரில் முதுகைச் சாய்த்து, தலையைக் குனிந்து, கைப்பேசியைக் குறுக்குவாட்டில் இரண்டு கைகளாலும் பிடித்தபடி நாலு பையன்கள். அரை மணி நேரம் யாரும் யாரையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. ஆனால் பேச்சு மட்டும் ஓய்வதில்லை. "லெஃப்டுல மரத்துக்குப் பின்னால நிக்காம்லே!" "பாய், ஸ்மோக் மார்!" "ஏ மக்கா, என்னைத் தூக்குலே, உயிர் போகுது!" அந்தச் சந்தில் மரமும் கிடையாது, புகையும் கிடையாது. ஊருக்குப் புதிதாக வந்தவர் வேண்டுமானால் திடுக்கிட்டு எட்டிப் பார்ப்பார். மற்றவர்களுக்குப் பழகிவிட்டது.

பையன்கள் இருப்பது தாராவியில் அல்ல, எராங்கல் என்ற தீவில். கருங்கடலில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட, கைவிடப்பட்ட ராணுவத் தளங்களும் பாழடைந்த வீடுகளும் நிறைந்த இடம். ஒரு விமானம் நூறு பேரைச் சுமந்துகொண்டு அதன் மேல் பறக்கிறது. விரும்பிய இடத்தில் பாராசூட்டில் குதிக்கலாம். குதிக்கும்போது கையில் எதுவும் இருக்காது. வீடு வீடாக ஓடித் துப்பாக்கி, குண்டு, தலைக்கவசம், மருந்துப் பெட்டி என்று கிடைப்பதைப் பொறுக்கிக்கொள்ள வேண்டும். இதற்கிடையே தீவைச் சுற்றி ஒரு நீல வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். வட்டத்துக்கு வெளியே நின்றால் உயிர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எனவே ஒளிந்து கிடப்பவனும் ஓடித்தான் ஆகவேண்டும். கடைசியில் ஒரு சின்ன வயல்வெளியில் நாலைந்து பேர் புல்லுக்குள் படுத்துக் கிடப்பார்கள். அவர்களில் ஒருவனோ ஒரு அணியோ மட்டுமே மிஞ்சும்.

இதுதான் பப்ஜி. 2018 மார்ச்சில் கைப்பேசிக்கு வந்து, இரண்டே ஆண்டுகளில் இந்தியாவின் ஒரு தலைமுறைக்கே கபடியாகவும் கிரிக்கெட்டாகவும் ஆகிவிட்ட விளையாட்டு. அரசு இருமுறை விரட்டியது. இருமுறையும் அது வேறு கதவு வழியாகத் திரும்பி வந்தது. மும்பையின் தமிழ்ப் பேட்டைகளில் அது கொடுத்த சந்தோஷத்துக்கும் எரிச்சலுக்கும் தனிக் கணக்கு உண்டு.

கணக்கு என்றால் முதலில் நிலக்கணக்கு. எராங்கல் வரைபடம் எட்டுக்கு எட்டு கிலோமீட்டர். கடலையும் சேர்த்து 64 சதுர கிலோமீட்டர். அதில் வாழ்வதும் சாவதும் நூறே பேர். தாராவியின் பரப்பு இரண்டரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. அதில் வசிப்பவர்கள் எட்டு லட்சம் என்றும் பத்து லட்சம் என்றும் சொல்வார்கள். எராங்கலுக்குள் இருபத்தைந்து தாராவிகள் அடங்கும். தோல் பதனிடும் தொழிலுக்காகத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும் இன்று ஐந்தாறு பேராக ஒரே அறையில் படுத்துத் தூங்குகிறார்கள். கால் நீட்ட இடமில்லாத பையனுக்கு, ஒரு ஜீப்பை எடுத்துக்கொண்டு ஆளில்லாத மலைச்சரிவில் கண் போன திசையில் ஓட்டிப் போவது என்பதே பாதி ஆட்டம். சுடுவது அதற்கப்புறம்தான்.

ஆட்டத்தின் பூர்வீகம் பல தேசங்களைச் சேர்ந்தது. கௌஷுன் டகாமி என்ற ஜப்பானிய எழுத்தாளரின் நாவல் 'பேட்டில் ராயல்' 1999இல் வெளிவந்தது. பள்ளி மாணவர்களை ஒரு தீவில் இறக்கி, ஒருவன் மிஞ்சும்வரை சண்டையிட வைக்கும் கதை. 2000இல் கின்ஜி ஃபுகசாகு அதைப் படமாக்கினார். அந்தப் படத்தில் ஈர்க்கப்பட்ட பிரெண்டன் கிரீன் என்ற அயர்லாந்துக்காரர், ஏற்கெனவே இருந்த ராணுவ விளையாட்டு ஒன்றைத் திருத்தி இந்தப் பாணி ஆட்டத்தை உருவாக்கினார். இணையத்தில் அவர் வைத்துக்கொண்ட பெயர் 'பிளேயர்அன்னோன்', அதாவது 'யாரென்று தெரியாத ஆட்டக்காரன்'. தென் கொரியாவின் புளூஹோல் நிறுவனம் அவரை அழைத்துக்கொள்ள, 2017 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கான பப்ஜி வந்தது. அதைக் கைப்பேசிக்கு மாற்றி உலகெங்கும் இலவசமாக இறக்கியது சீனாவின் டென்சென்ட். ஜப்பானியக் கற்பனை, அயர்லாந்து மூளை, கொரிய முதலீடு, சீனக் கைவண்ணம். கடைசியில் இந்தியக் கட்டைவிரல்.

மும்பைக்கு விளையாட்டுப் பித்து புதிதல்ல. 1990களில் வீடியோ பார்லர்களில் காசு போட்டுக் குச்சியைத் திருகிய தலைமுறை ஒன்று இருந்தது. 2000களின் தொடக்கத்தில் சைபர் கஃபேக்கள் வந்தன. கல்லூரிகள் சூழ்ந்த மாட்டுங்காவில் கட் அடித்த மாணவர்கள் மணிக்கணக்குக்குக் காசு கொடுத்துக் 'கவுன்டர் ஸ்டிரைக்' ஆடினார்கள். ஆனால் அதெல்லாம் காசும் நேரமும் உள்ளவர்களின் சமாச்சாரம். கம்ப்யூட்டர் பப்ஜியும் அப்படித்தான். ஆட்டத்துக்கு ஒரு விலை, அதைத் தாங்கும் கம்ப்யூட்டருக்கு அதைப்போல் பல மடங்கு விலை.

கணக்கை மாற்றியது 2016 செப்டம்பர் 5. அன்றுதான் ஜியோ சேவை தொடங்கியது. ஒரு மாதத்துக்கு ஒரு ஜிபி என்று எண்ணி எண்ணிச் செலவழித்தவர்கள், ஒரு நாளுக்கு ஒரு ஜிபிக்கும் மேல் கிடைத்த காலத்துக்குள் திடீரென்று நுழைந்தார்கள். கூடவே பத்தாயிரம் ரூபாய்க்குள் ஸ்மார்ட்போன்கள் வந்தன. செம்பூரில் ஐ.டி. கம்பெனி மேனேஜரின் மகனும், தாராவியில் இட்லி அவித்து அலுமினியப் பாத்திரத்தில் தெருத்தெருவாகக் கொண்டுபோய் விற்பவரின் மகனும் முதல் தடவையாக ஒரே மைதானத்தில் இறங்கினார்கள். குதிக்கும்போது இருவர் கையிலும் ஒன்றும் இல்லை. ஆட்டத்தின் கவர்ச்சியே அந்தச் சமத்துவம்தான்.

சமத்துவம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பது வேறு விஷயம். விலையுயர்ந்த போனில் படம் ஒரு நொடிக்கு 60 தடவை, 90 தடவை என்று வழுக்கிக்கொண்டு ஓடும். மலிவு போனில் அது தத்தித் தத்தி நடக்கும். தகரக் கூரைக்குக் கீழே மே மாதத்து வெக்கையில் போன் தோசைக்கல் போலக் கொதிக்கும். கொதித்தால் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கும். எதிரி திரும்பிச் சுடுவதற்கும் இவன் திரையில் அவன் திரும்புவதற்கும் நடுவே ஒரு இடைவெளி விழும். இந்த வசதிக் குறைவை உணர்ந்துதான் 2019இல் 'பப்ஜி லைட்' வந்தது. அதற்கும் முன்னால், 2017இலேயே வந்து நின்றது சிங்கப்பூரின் கரீனா நிறுவனத்துடைய 'ஃப்ரீ ஃபயர்'. ஐம்பதே பேர், பத்தே நிமிடம், எந்தப் பழைய போனிலும் ஓடும். எந்த ஆட்டம் ஆடுகிறான் என்பதைக் கேட்டால் போதும், பையன் கையில் இருப்பது எத்தனை ரூபாய் போன் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

ஆட்டக்காரர்களின் நிரந்தர எதிரி 'பிங்'. கையிலிருந்து கட்டளை புறப்பட்டு, சர்வருக்குப் போய், விடை திரும்பி வரும் நேரம் அது. நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகளாக அளக்கப்படும். ஐம்பது என்றால் சுகம். முந்நூறு என்றால் சனியன். அதன் பொருளைக் குண்டுக் கணக்கில் பார்க்கலாம். ஆட்டத்தில் வரும் ஏ.கே.எம். துப்பாக்கி நொடிக்குப் பத்துக் குண்டுகளைத் துப்பும். நடுத்தரக் கவசம் அணிந்தவனைச் சாய்க்க மார்பில் நாலு குண்டு போதும். முந்நூறு பிங் உள்ளவன் எதிரியைப் பார்த்து விரலை அழுத்துவதற்குள் மூன்று குண்டுகள் அவன் உடம்பில் இறங்கியிருக்கும். சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்துவிட்டதாக இவன் திரை சொல்லும். சர்வரோ இவன் இன்னும் வெளியில் நிற்பதாகக் கணக்கு வைத்திருக்கும். சுவருக்குப் பின்னால் செத்து விழுவது போன்ற அவமானம் வேறில்லை. சந்துகள் நெருங்கிய இடங்களில் பையன்கள் வாசற்படியிலும் மாடிப்படியிலும் ஆடுவதற்குக் காற்று மட்டும் காரணமல்ல, சிக்னலும்தான்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதையும் இதில் நிறைய உண்டு. தோற்றவன் எல்லாம் பிங் என்பான். ஜெயித்தவனுக்கு மட்டும் அன்று நெட்வொர்க் நன்றாகவே இருந்திருக்கும்.

ஆனால் சில புகார்கள் நியாயமானவை. சுவரை ஊடுருவிப் பார்க்கும், குறியைத் தானே பிடித்துக்கொள்ளும் கள்ள மென்பொருள்களோடு வருபவர்கள் உண்டு. கம்பெனி லட்சக்கணக்கில் கணக்குகளை முடக்கியும் அவர்கள் புதுப் பெயரில் முளைக்கிறார்கள். அடுத்த தொல்லை 'ரேண்டம்' என்று அழைக்கப்படும் முகம் தெரியாத கூட்டாளிகள். நாலாவது ஆள் கிடைக்காதபோது ஆட்டமே ஒருவனைச் சேர்த்துவிடும். அவன் பாட்னாவில் இருக்கலாம், ஸ்ரீநகரில் இருக்கலாம், மதுரையில் இருக்கலாம். வானத்திலிருந்து விழும் பெட்டியை நோக்கித் தனியாக ஓடிச் செத்துவிட்டு, மற்றவர்களைத் திட்டிவிட்டு, வெளியேறிவிடுவான். சில ரேண்டம்கள் வேறு மாதிரி. பத்து நிமிடம் சேர்ந்து ஆடி, தன் மருந்துப் பெட்டியை இவனிடம் போட்டுவிட்டுச் சாவார்கள். பெயர்கூடத் தெரியாது.

பாஷையும் இந்தக் களத்தில்தான் வேடிக்கையாகக் கலக்கிறது. தாராவிப் பையனின் தமிழ் திருநெல்வேலி, இந்தி பம்பாய், கெட்ட வார்த்தை மராத்தி. மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும். மும்பையில் பிறந்து தமிழில் எழுதப் படிக்கத் தெரியாத பிள்ளைகள்கூடச் சென்னை, கோவைப் பையன்களோடு அணி சேர்ந்து, அவர்கள் நேரலைகளைப் பார்த்துத் தமிழ்நாட்டின் புதுச் சொற்களைக் கற்றுக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டவை எல்லாம் நல்ல சொற்கள் என்று சொல்ல முடியாது. தமிழில் பப்ஜி நேரலை நடத்தி வந்த ஒரு யூடியூபரை ஆபாசப் பேச்சுக்காக 2021 ஜூனில் போலீஸ் தருமபுரியில் பிடித்தது. அவருக்கு இருந்த ரசிகர்களில் பெரும் பகுதி பள்ளிப் பிள்ளைகள் என்ற செய்தி தமிழ்ப் பெற்றோர்களை உலுக்கியது.

மாட்டுங்காவில் வேடிக்கை வேறு விதம். கிங்ஸ் சர்க்கிளைச் சுற்றியுள்ள பழைய கட்டடங்களில் பூஜை மணியும் பில்டர் காபி மணமும் கலந்த வீட்டுக்குள்ளிருந்து திடீரென்று "சிக்கன் டின்னர்!" என்ற வெற்றி முழக்கம் கிளம்பும். வெங்காயம்கூடச் சேராத சமையலறையில் பாட்டி திகைத்து நிற்பாள். ஜெயித்தவன் திரையில் வரும் வாசகம் அது. லாஸ் வேகாஸ் சூதாட்ட மேஜைகளில் புழங்கிய பழைய சொல்வழக்கு. இதில் கோழியும் இல்லை, சாப்பாடும் இல்லை. "சாதம் ஆறிண்டிருக்குடா" என்று நாலாவது தடவை கூப்பிட்ட பிறகும் பேரன் எழுந்து வராததுதான் பாட்டியின் உண்மையான குறை.

எழுந்து வர முடியாததற்கும் காரணம் உண்டு. இந்த ஆட்டத்தை நிறுத்தி வைக்க வழியில்லை. தனியாக ஆடும் பழைய வீடியோ கேம் என்றால் ஒரு பட்டனைத் தட்டிவிட்டுச் சாப்பிடப் போகலாம். இங்கே மற்ற தொண்ணூற்றொன்பது பேரும் காத்திருக்க மாட்டார்கள். அரை மணி நேர ஆட்டத்தில் இருபத்தைந்தாவது நிமிடம் எழுந்து போவது என்றால் மூன்று நண்பர்களைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் போவது. அம்மாவுக்கு இது புரிவதில்லை. அம்மாவின் கோபம் பையனுக்குப் புரிவதில்லை. இந்த அவசரத்தைப் புரிந்துகொண்டதுபோல் 2020இல் கம்பெனி 'லிவிக்' என்ற குட்டித் தீவைக் கொண்டுவந்தது. இரண்டுக்கு இரண்டு கிலோமீட்டர், 52 பேர், கால் மணி நேரம். ஹார்பர் லைனில் செம்பூரில் ஏறி உட்கார இடம் பிடித்தவன் வடாலா தாண்டுவதற்குள் வாழ்ந்தும் செத்தும் விடலாம்.

தொல்லை முற்றியபோது விஷயம் கோர்ட்டுக்கும் போனது. 2019 ஜனவரியில் மும்பையைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன், பப்ஜியைத் தடை செய்ய வேண்டும் என்று தன் தாய் மூலம் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கு தொடர்ந்தான். ஆட்டம் வன்முறையையும் வம்பையும் வளர்க்கிறது என்பது அவன் வாதம். ஏப்ரலில் நீதிமன்றம், ஆட்டத்தின் உள்ளடக்கத்தைப் பரிசீலிக்கும்படி மத்திய தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்திடம் பொறுப்பைக் கொடுத்தது. அதே ஜனவரி 29ஆம் தேதி டெல்லியில் மாணவர், பெற்றோர்களுடன் பிரதமர் நரேந்திர மோடி உரையாடினார். மகன் ஆன்லைன் விளையாட்டில் மூழ்கிக் கிடப்பதாக ஒரு தாய் முறையிட, அவன் பப்ஜிக்காரனா என்று பிரதமர் கேட்டார். அரங்கம் சிரிப்பில் அதிர்ந்தது. மார்ச்சில் குஜராத்தின் ராஜ்கோட்டில் சிரிப்பு நின்றது. அங்கே போலீஸ் தடை விதித்து, ஆடிய பத்துப் பேரைக் கைதும் செய்தது.

பிறகு கொரோனா வந்தது. 2020 ஏப்ரல் 1 அன்று தாராவியில் முதல் தொற்று உறுதியானது. சந்துகள் அடைக்கப்பட்டன. பள்ளிக்கூடம் கைப்பேசிக்குள் புகுந்தது. அதுவரை 'போனை வை' என்று அதட்டிய பெற்றோர்கள் 'போனை எடுத்துப் படி' என்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு வீட்டுக்கு ஒரு போன், அதற்கு மூன்று பிள்ளைகள், ஒரு வேலையிழந்த அப்பா. அந்தப் போனுக்குள்ளேதான் வகுப்பும் இருந்தது, எராங்கலும் இருந்தது. வெளியே மைதானம் இல்லை, கபடி இல்லை, கணபதி பந்தல்கூட இல்லை. ஊருக்குப் போய்விட்ட நண்பனும் இங்கே மாட்டிக்கொண்ட நண்பனும் சந்தித்துக்கொள்ள அந்த ஒரு தீவுதான் திறந்திருந்தது. அந்த மாதங்களில் பப்ஜி பலருக்குச் சண்டைக் களம் என்பதைவிடத் திண்ணை.

அந்தத் திண்ணையையும் பூட்டினார்கள். 2020 ஜூன் 15 அன்று கல்வான் பள்ளத்தாக்கில் 20 இந்திய வீரர்கள் உயிரிழந்ததைத் தொடர்ந்து சீனச் செயலிகள் மீது அரசின் பார்வை விழுந்தது. முதல் பட்டியலில் டிக்டாக் போனது. செப்டம்பர் 2 அன்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின் கீழ் 118 செயலிகள் தடைசெய்யப்பட்டன. பப்ஜி மொபைலும் லைட்டும் அதில் இருந்தன. ஆட்டம் வன்முறையானது என்பதற்காக அல்ல, தகவல்கள் எல்லை தாண்டுகின்றன என்பதற்காக. கோர்ட்டும் போலீஸும் பிரதமரின் கிண்டலும் செய்யாததை எல்லைத் தகராறு செய்தது. அதற்குள் இந்தியாவில் சுமார் 17.5 கோடி முறை அது இறக்கப்பட்டிருந்ததாகச் சென்சார் டவர் நிறுவனத்தின் கணக்கு சொன்னது. உலக மொத்தத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அக்டோபர் 30 அன்று சர்வர்கள் நின்றன.

அதற்கப்புறம் நடந்தது இந்தியாவுக்கே உரிய நாடகம். பையன்கள் 'கொரியன் வெர்ஷன்' தேடினார்கள். கொரியக் கம்பெனி டென்சென்ட்டிடமிருந்து இந்திய உரிமையைத் திரும்பப் பெற்றது. 2021 ஜூலை 2 அன்று 'பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா' என்ற பெயரில் பழைய தீவு புது நாமம் போட்டுக்கொண்டு வந்தது. ரத்தம் பச்சையானது. இது கற்பனை உலகம் என்று ஒரு குரல் எச்சரித்தது. பதினெட்டு வயதுக்குக் கீழே இருந்தால் தினம் மூன்று மணி நேரம்தான், அதுவும் பெற்றோரின் போனுக்கு வரும் ஓடிபியோடு. வயதைக் கூட்டிச் சொல்லப் பையன்கள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்கள் என்று சொல்லத் தேவையில்லை.

2022 பிப்ரவரி 14 அன்று ஃப்ரீ ஃபயர் தடைப்பட்டியலில் சேர்ந்தது. அதன் உயர்தரப் பதிப்பான 'மேக்ஸ்' மட்டும் எப்படியோ தப்பித்தது. ஜூலையில் இந்தியப் பதிப்பில் பதிவு செய்தவர்கள் 10 கோடியைத் தாண்டிவிட்டதாகக் கிராஃப்டன் நிறுவனம் பெருமையோடு அறிவித்தது. அதே மாதம் 28ஆம் தேதி அரசு உத்தரவில் ஆட்டம் கடைகளிலிருந்து காணாமல் போனது. பத்து மாதம் கழித்து, 2023 மே 29 அன்று, மூன்று மாத சோதனை அனுமதியோடு மறுபடி வந்தது. பெரியவர்களுக்கும் இப்போது ஆறு மணி நேர வரம்பு. பப்ஜி ஆட்டக்காரனுக்கு உயிர்த்தெழுதல் ஒன்றும் புதிதல்ல என்று ஏற்றுக்கொண்டார்கள்.

ஆனால் நடுவில் உடைந்தவை உண்டு. இந்த ஆட்டத்தை உத்தியோகமாக நினைத்தவர்கள் இருந்தார்கள். மும்பைக்காரரான நமன் மாத்தூர், 'மார்ட்டல்' என்ற பெயரில் ஆடி, தன் 'சோல்' அணியோடு 2019 மார்ச்சில் ஒரு கோடி ரூபாய் பரிசுத்தொகை கொண்ட இந்தியப் போட்டியை வென்று, ஜூலையில் பெர்லின் வரை போனார். 2022இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் 2 சானலிலேயே போட்டியைக் காட்டினார்கள். படிப்பில் சுமாரான பையனின் கண்ணில் இது எப்படிப் படும் என்று யூகிக்கலாம். கிரிக்கெட்டுக்கு மட்டை வேண்டும், கோச் வேண்டும், மைதானம் வேண்டும், சிபாரிசு வேண்டும். இதற்கு ஒரு போன் போதும். சிலர் பரீட்சையைத் தள்ளிப்போட்டுப் பயிற்சி செய்தார்கள். ஒரு மாலை ஆட்டமே இல்லை என்று அறிவிப்பு வந்தது. எந்த விளையாட்டு வீரனும் தன் விளையாட்டே ஒரே நாளில் அழிக்கப்படும் என்று பயந்து வாழ்ந்ததில்லை.

அங்கீகாரமும் வினோதமாகவே வந்தது. 2022 டிசம்பரில் மத்திய அரசு ஈ-ஸ்போர்ட்ஸை விளையாட்டு அமைச்சகத்தின் கீழ் கொண்டுவந்தது. அப்போது பெரிய ஆட்டம் தடையில் இருந்தது. 2023இல் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டில் பப்ஜி மொபைலுக்குப் பதக்கமே கொடுத்தார்கள். ஆனால் ஆளை ஆள் சுடக் கூடாது என்று திருத்தி, பலகைகளைச் சுட்டுக்கொண்டு ஓடும் பந்தயமாக்கியிருந்தார்கள். தங்கம் சீனாவுக்குப் போனது. இந்திய அணி அதில் இறங்கவில்லை. 2025 ஆகஸ்டில் வந்த ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆட்டங்களைத் தடைசெய்துவிட்டு, ஈ-ஸ்போர்ட்ஸைத் தனியே பிரித்து ஏற்றுக்கொண்டது.

பணம் வைத்து ஆடாவிட்டாலும் பணம் போகாமல் இல்லை. ஆட்டம் இலவசம், அலங்காரம்தான் காசு. துப்பாக்கிக்குப் பனிக்கட்டி வர்ணம், ஆளுக்குப் புதுச் சட்டை. எதுவும் குண்டைக் கூடுதலாகத் துளைக்க வைக்காது. ஆனால் விமானத்தில் நிற்கும்போது வெறும் பனியனோடு நிற்பவனை 'நூப்' என்று கேலி செய்வார்கள். புதுச் சட்டை வேண்டுமென்றால் 'யூசி' என்ற ஆட்டக் காசு வாங்க வேண்டும். பல சமயம் அது நேரடி விலையும் அல்ல. பெட்டியைத் திறந்தால் அதிர்ஷ்டம் இருந்தால் கிடைக்கும். லாட்டரியின் தம்பி. 2021 ஆகஸ்டில் ஜோகேஸ்வரியில் 16 வயதுப் பையன் தாயின் வங்கிக் கணக்கிலிருந்து பத்து லட்சம் ரூபாயை இதில் கரைத்துவிட்டு, திட்டு வாங்கி, வீட்டை விட்டுப் போனான். அந்தேரி மகாகாளி குகைப் பக்கம் போலீஸ் அவனைக் கண்டுபிடித்தது.

இது நோயா? உலக சுகாதார நிறுவனம் 'கேமிங் டிஸார்டர்' என்பதைத் தன் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. 2022 ஜனவரியிலிருந்து அது அமலில் உள்ளது. ஆனால் அதன் வரையறை கறாரானது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாடு போய், மற்ற எல்லாவற்றையும்விட அது முக்கியமாகி, கெடுதல் தெரிந்தும் தொடர்ந்து, படிப்பும் வேலையும் உறவும் பாதிக்கப்பட்டு, வழக்கமாக ஓராண்டாவது நீடித்தால்தான் நோய். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனை 2014லேயே இதற்கென்று தனிப் பிரிவு தொடங்கியது. மணி எத்தனை ஆடுகிறான் என்பதைவிட, ஆடாதபோது என்ன செய்கிறான் என்பதே கேள்வி. தூங்குகிறானா, சாப்பிடுகிறானா, நேரில் நண்பன் இருக்கிறானா? சாப்பாட்டுக்கு எழுந்து வராத பையன்கள் எல்லாரும் நோயாளிகள் அல்ல. ஆனால் எழுந்து வராத பையனைக் கவனிக்காமல் விடுவதும் சரியல்ல.

தாராவியில் இந்தக் கேள்விக்கு இன்னொரு பக்கம் உண்டு. போனைப் பிடுங்கி வைத்துவிட்டால் அவன் எங்கே போய் விளையாடுவது? 2022 நவம்பரில் மறுசீரமைப்பு ஏலத்தில் அதானி குழுமம் தேர்வானதிலிருந்து தாராவியின் பேச்சே வேறு. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பதைக் காகிதத்தோடு நிரூபிப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே 350 சதுர அடி வீடு. மற்றவர்கள் மும்பையின் வேறு மூலைகளுக்குப் போக வேண்டிவரும். அப்பாக்கள் பழைய மின்சார பில்லையும் ரேஷன் கார்டையும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். வட்டம் சுருங்குவது, உள்ளே இருப்பவன் தப்புவது, வெளியே நிற்பவன் ஓடுவது என்பதெல்லாம் இங்கே திரைக்கு மட்டும் உரிய விஷயமல்ல. ஆட்டத்தில் அணி பிரிந்தால் அடுத்த ஆட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம்.

90 அடி சாலைப் படிக்கட்டில் ஆட்டம் கடைசி வட்டத்துக்கு வந்திருக்கிறது. மிஞ்சியிருப்பவர்கள் ஐந்து பேர். அதில் மூன்று பேர் இந்தப் படிக்கட்டில் இருக்கிறார்கள். யாரும் மூச்சு விடவில்லை. அப்போது ஒருவனின் திரையில் எதிரியை மறைத்துக்கொண்டு ஒரு பெயர் மின்னுகிறது: 'அம்மா'. தட்டிவிடலாம், தட்டிவிட்டால் அப்புறம் அனுபவிக்க வேண்டும். அவன் ஒரு நொடி யோசிக்கிறான். ஏ.கே.எம்.முக்குப் பத்துக் குண்டுகளின் நேரம் அது.

"ஏலே, என்ன ஆச்சு?" என்கிறான் பக்கத்திலிருப்பவன். செத்தவன் எழுந்து பேண்டைத் தட்டிக்கொள்கிறான். "வீட்டுக்குப் போறேன். நாளைக்குப் பதினோரு மணி."

களத்து அகராதி

*லூட்:* விழுந்து கிடக்கும் ஆயுதமும் மருந்தும். செத்தவனின் பெட்டியிலிருந்தும் எடுக்கலாம்.

*நாக்:* அடிபட்டு மண்டியிட்டுக் கிடக்கும் நிலை. கூட்டாளி வந்து சில நொடிகள் பக்கத்தில் உட்கார்ந்தால் பிழைக்கலாம். நட்பு சோதிக்கப்படும் இடம்.

*கேம்பர்:* கதவுக்குப் பின்னால் அசையாமல் காத்திருந்து சுடுபவன். அவன் தன்னைப் பொறுமைசாலி என்பான். மற்றவர்கள் கோழை என்பார்கள்.

*பாட்:* கம்ப்யூட்டர் இயக்கும் பொம்மை எதிரி. புதியவனுக்குத் தன்னம்பிக்கை தருவதற்காக நேராக வந்து நின்று சாகும். மோசமாக ஆடும் மனிதனுக்கும் இதுவே பட்டப்பெயர்.

*ஏர் டிராப்:* விமானம் போடும் பெட்டி. அருமையான துப்பாக்கி உள்ளே, சுற்றிலும் அதற்காகக் காத்திருக்கும் பத்துப் பேர்.

*பான்:* தோசைக்கல் மாதிரியான வாணலி. இடுப்பில் தொங்கவிட்டால் பின்னாலிருந்து வரும் குண்டைத் தடுக்கும். ஆட்டத்தில் எவராலும் துளைக்க முடியாத ஒரே கவசம் சமையலறையிலிருந்து வந்தது.